காய்ச்சல் இல்லாத ஊர்

"நூத்திரண்டு," என்றாள் பாண்டீஸ்வரி, தெர்மாமீட்டரை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து.

"சரியாப் பாரு. இப்பத்தான் காபி குடிச்ச வாய்."

"காபி குடிச்சா நூத்திரண்டு ஏறுமா? அப்ப ஊர்ல காபி குடிக்கிற அம்புட்டுப் பேரையும் ஆஸ்பத்திரியிலதான் படுக்கப் போடணும். கெளம்புங்க, டாக்டரப் பாப்போம்."

நல்லகண்ணு போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"எனக்குக் காய்ச்சல் இல்ல."

நாவலூத்து பேரூராட்சியில் சுகாதார ஆய்வாளர் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'புழு சார்' வீடு என்றால் சின்னப் பிள்ளைகூடக் கையை நீட்டும். டார்ச் லைட்டோடு வீடு வீடாகப் போய், தண்ணீர்த் தொட்டி, பழைய டயர், ஆட்டுரல் குழி, ஃப்ரிட்ஜின் பின்பக்கத் தட்டு என்று எதையும் விடாமல் குனிந்து பார்த்து, "இந்தா நெளியுது பாருங்க" என்று கொசுப்புழுவைக் காட்டுவதுதான் இருபது வருசத்துக்கும் மேலாக அவர் பிழைப்பு. காட்டுவதோடு நிற்கமாட்டார். தண்ணீரைக் கவிழ்த்துவிடுவார். மறுமுறையும் புழு இருந்தால் அபராதம் போடுவார்.

இதனால் ஊரில் அவருக்கு என்ன மரியாதை என்பது மகள் கல்யாணத்தன்று தெரிந்தது. பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களில் சிலர் மொய்க் கவருக்குள் அபராத ரசீதை மடித்து வைத்துக் கொடுத்துவிட்டு நேரே பந்திக்குப் போனார்கள்.

அப்படிப்பட்ட மனிதருக்கு இந்த ஐப்பசியில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. நோய்த் தடுப்பில் சிறந்து விளங்கும் ஊருக்கு மாவட்ட அளவில் கேடயம் கொடுக்கப் போகிறார்கள். பொறுப்பாளரை மேடைக்கு அழைத்துச் சால்வை போடப் போகிறார்கள். நாவலூத்தில் மழை தொடங்கியதிலிருந்து ஒரு டெங்கு இல்லை. சாதாரணக் காய்ச்சல்கூட இல்லை என்றுதான் தினமும் மேலே தகவல் போனது. சளி, தும்மல், உடம்பு கதகதப்பு இதெல்லாம் நல்லகண்ணுவின் அகராதியில் காய்ச்சல் ஆகாது.

இன்னும் நாலு நாளில் குழு பார்வையிட வருகிறது, வாரக் கடைசியில் தேனியில் விழா. இந்த நேரம் பார்த்து ஊரின் முதல் காய்ச்சல், புழு சார் மேலேயே ஏறிப் படுத்துக்கொண்டது.

"ஏங்க, கொசுக் காய்ச்சலா இருந்தா?"

"நம்ம வீட்டுல எப்பிடிக் கொசு வரும்? யார் வீடு இது?"

கேட்டுவிட்டாரே தவிர, எழுந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாகப் பார்க்கத் தொடங்கினார். கால் மூட்டெல்லாம் யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி வலித்தது. டி.வி. பக்கத்தில், மகள் ஆசையாக வைத்துவிட்டுப் போன மணி பிளாண்ட் பாட்டிலில் வெளிச்சம் விழுந்ததும் நின்றுவிட்டார். உள்ளே ஏழெட்டு நெளிந்தன.

பாண்டீஸ்வரியும் எட்டிப் பார்த்தாள்.

"அபராதம் போடுவீகளா, மொதத் தடவைன்னு விட்டுருவீகளா?"

நல்லகண்ணு பாட்டிலைக் கொல்லையில் கொண்டுபோய்க் கவிழ்த்தார். அந்த நிமிசத்தில் அவருக்கு வந்த அவமானம் நூற்றிரண்டுக்கும் மேல் இருந்தது.

ரத்தம் பார்க்காமல் விடமாட்டேன் என்று அவள் நின்றாள். உள்ளூரில் பார்த்தால் ஊரே அறியும். பக்கத்து டவுனான கம்பத்தில் பார்க்கலாம் என்று அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். மஃப்ளர் சுற்றி, முகக்கவசம் மாட்டி, ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் நிறைந்த ஜீப்பில் தொற்றிக்கொண்டு கம்பத்தில் இறங்கி, சந்துக்குள் இருந்த ஒரு தனியார் லேப் வாசலில் போய் நின்றார். உள்ளே மெஹராஜ் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண் ஊசியோடு நிமிர்ந்தாள்.

"பேரு சொல்லுங்க சார்."

நல்லகண்ணு என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினார். வேறு பெயர் தேடி மூளையைத் துழாவினால், காய்ச்சல் கொதிக்கிற அந்த மண்டைக்குள் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

"பிச்சைமணி."

"ஊரு?"

"செங்குளத்துப்பட்டி."

"போன் நம்பர்?"

அதையும் சொன்னார். பிச்சைமணி அவருடைய மச்சினன். பாண்டீஸ்வரியின் கூடப் பிறந்த தம்பி. செங்குளத்துப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறான். எப்படியும் டெங்கு இருக்காது, பெயரில் என்ன வந்துவிடப் போகிறது என்று நல்லகண்ணு நினைத்தார்.

மதியம் ரிப்போர்ட் வாங்கப் போனபோது மெஹராஜ் பரிவாகப் பார்த்தாள்.

"டெங்கு பாசிட்டிவ் சார். ஆனா பயப்படாதீக. ஆன்லைன்ல ஏத்திவிட்டுட்டேன். உங்க ஊர் ஹெல்த் ஆளுக வீட்டுக்கே வந்துருவாக."

"ஏத்தீட்டியாம்மா? அதக் கொஞ்சம் எறக்க முடியாதா?"

"என்ன சார் இப்பிடிக் கேக்குறீக? ஏத்தலேன்னா எங்க லேபை மூடிருவாக."

அது அவருக்குத் தெரியாதா என்ன? மறைக்கிற லேப்களை மூட வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று பேசுகிறவரே அவர்தான்.

வெளியே வந்ததும் மச்சினனுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். பஸ் ஏறி உத்தமபாளையம் தாண்டியபிறகுதான் எடுத்தான். பின்னால் சைரன் சத்தம் கேட்டது.

"மாமா, திராட்சைப் பந்தலுக்கடியில நின்ன என்னைய ஆம்புலன்ஸ்ல ஏத்தீட்டாக மாமா! எனக்கு டெங்குங்கிறாக! நான் கம்பத்துல ரத்தமே குடுக்கல, யாரோ என் பேரச் சொல்லியிருக்கான். எந்தக் களவாணிப்பயன்னு தெரியல!"

நல்லகண்ணு போனை அடுத்த காதுக்கு மாற்றினார். "நீ பதறாத மாப்ள," என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வருவதற்குள் அக்காளுக்கும் தம்பி போன் போட்டிருந்தான். பாண்டீஸ்வரி வாசலிலேயே நின்றாள். மாதக் கணக்கில் புருசனோடு குடித்தனம் நடத்தியவளா, வருசக் கணக்கில் நடத்தியவள். முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள்.

"களவாணி யாருன்னு நான் சொல்லவா, நீங்களே சொல்றீகளா?"

சொன்னார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இப்பவே போன் போட்டு உண்மையச் சொல்லுங்க."

"சொன்னா விருது மட்டுமா போகும்? பொய்ப் பேர் குடுத்ததுக்கு வேலையே போயிரும் பாண்டீ. ஒரு வாரம். ஒரே ஒரு வாரம். ஒருநாளாச்சும் எம்பேர மைக்குல சொல்லட்டுமே. இந்த ஊர்ல எனக்கு ஒரு பேர் இருக்குன்னு இவுகளுக்குத் தெரிய வேணாமா?"

கடைசி வரியில் அவர் குரல் உடைந்துவிட்டது. அதனால்தான் அவள் தம்பிக்குப் போன் போட்டுப் பேசினாள். அரை மணி நேரம் அழுதும் அதட்டியும் பேசினாள். மாமனுக்காக ஒரு வாரம் கொசுவலைக்குள் படுத்துக் கிடக்கப் பிச்சைமணி ஒத்துக்கொண்டான்.

பிரச்சினை அதோடு அடங்கியது என்று நினைத்தபோது செங்குளத்துப்பட்டி சுகாதார ஆய்வாளர் சுந்தரலிங்கம் போன் செய்தார். அவர் நல்லகண்ணுவுக்கு இளையவர், கொஞ்சம் அப்பாவி. அழுதுகொண்டிருந்தார்.

"அண்ணே, எங்க ஊர்ல டெங்கு வந்துருச்சுண்ணே. அதுவும் உங்க மச்சினனுக்கே! உங்க மூஞ்சியில எப்பிடிண்ணே முழிப்பேன்? எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. என்ன செய்யணும்னு நீங்கதான் சொல்லணும்."

நல்லகண்ணுவின் மனசாட்சி போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டியது. தன் காய்ச்சலைக் கொண்டுபோய் இந்த அப்பாவி தலையில் கட்டிவிட்டோமே என்று உறுத்தியது. பற்கள் கிடுகிடுக்கப் படுத்தபடியே, தான் கற்ற வித்தையை எல்லாம் சொல்லிக் கொடுத்தார்.

"அழாதய்யா. எழுதிக்க. அந்த வீட்டச் சுத்தி இருக்கிற எல்லா வீட்டுக்கும் இன்னைக்கே ஆள் போகணும். ஒரு தொட்டி பாக்கி இருக்கக் கூடாது. நாளைக் காலையில காய்ச்சல் முகாம் போடு. யாருக்கு லேசா மேலு சுட்டாலும் ரத்தம் எடு. பள்ளிக்கூடத்து மாடியப் பாக்காம விட்டுறாத."

"புகை அடிக்கிற மெஷின் ரிப்பேர்ல கெடக்குண்ணே."

"எங்க ஊர் மெஷினை எடுத்துட்டுப் போ. ஆளுகளையும் அனுப்புறேன். எங்க ஊர்லதான் காய்ச்சலே இல்லையே."

"தெய்வம்ணே நீங்க," என்று சுந்தரலிங்கம் மூக்கை உறிஞ்சினார்.

மறுநாள் தாலுகா ஆஸ்பத்திரிக்கு மச்சினனைப் பார்க்கப் போனார்கள். கொசுவலைக்குள் கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்து பிச்சைமணி இட்லி தின்றுகொண்டிருந்தான். வெளியே, ஆள் அவிந்துபோய், கட்டில் கம்பியைப் பிடித்து நின்றார் நல்லகண்ணு. உள்ளே வந்த நர்ஸ் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "பேஷண்ட் யாரு?" என்று கேட்டாள்.

"நாந்தான்," என்றான் பிச்சைமணி, இட்லியை விழுங்கிவிட்டு.

அவன் பெண்டாட்டி ஜோதிகா ஓரமாக நின்றாள். அவளிடம் அதற்குள் விசயம் போயிருந்தது.

"அண்ணே, வாசல்ல பிளீச்சிங் பவுடரக் கோலம் போட்ட மாதிரி கொட்டீட்டுப் போயிருக்காக. டெங்கு வீடுன்னு பழம் வெட்ட ஒரு ஆள் வரமாட்டேங்குது. பந்தல்ல பழம் அம்புட்டும் பழுத்துத் தொங்குது. மழை ஒரு பாட்டம் பேஞ்சா எல்லாம் வெடிச்சுரும்."

"மழை வராதும்மா," என்றார் நல்லகண்ணு. வேறு என்ன சொல்வார்?

அன்று சாயங்காலமே மேற்கு மலை கறுத்து, விடிய விடியப் பெய்தது.

ஜோதிகா அதன்பிறகு போன் செய்யவில்லை. பாண்டீஸ்வரி அழுதுகொண்டே பப்பாளி இலையை அரைத்துக் கொடுத்தாள். ஊருக்கே குடம் குடமாக ஊற்றிக் கொடுத்த நிலவேம்புக் கசாயத்தின் கசப்பு என்னவென்று நல்லகண்ணு அந்த நாட்களில்தான் முழுசாகத் தெரிந்துகொண்டார். குடித்தது பாதி, திரும்பி வந்தது பாதி. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும்போது, வெடித்துச் சாறு வடிகிற திராட்சைக் கொத்துகள் கண்ணுக்குள் தொங்கின. வெட்கமாக இருந்தது. இத்தனைக்கும் பிறகு அந்தச் சால்வை கிடைக்காவிட்டால் தான் செய்ததற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும் என்று பயமாகவும் இருந்தது.

பார்வையிடும் குழு வந்தது. முன்னால் நடந்த டாக்டரம்மா இளவயது. பேரூராட்சி ஜீப்பை ஓட்டும் சதாமின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஸ்வெட்டரும் மஃப்ளருமாக நல்லகண்ணு தெருத்தெருவாகக் கூட்டிப்போனார். சுள்ளென்று வெயில் அடித்தது.

"சார் ஏன் ஸ்வெட்டர்ல இருக்கீங்க?"

"குமுளி மலைக் காத்து மேடம். இங்கன வரைக்கும் வீசும்."

டாக்டரம்மா வெயிலை நிமிர்ந்து பார்த்தார். மேல்நிலைத் தொட்டியை ஏறிப் பார்க்கவேண்டும் என்றார். பாதி ஏணியில் நல்லகண்ணுவுக்கு ஊர் இரண்டாகத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு மீதியையும் ஏறினார். தொட்டி கண்ணாடி மாதிரி இருந்தது. ஊரெங்கும் தேடியும் ஒரு புழு அகப்படவில்லை.

"ரொம்பச் சுத்தம்," என்றார் டாக்டரம்மா. "இந்த மழையில காய்ச்சல் எத்தனை பேருக்கு வந்துச்சு?"

"ஒருத்தருக்குக்கூட இல்ல மேடம்."

"ரத்த மாதிரி?"

"காய்ச்சலே இல்லையே மேடம், யார்ட்டப் போய் எடுக்க?"

"அப்படியா," என்று சொல்லிப் பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

எழுதுவதற்குக் குறையே இல்லை என்று நல்லகண்ணுவுக்கு உள்ளுக்குள் பூரித்தது. குழுவின் வண்டி கண்ணை விட்டு மறைந்ததும் அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

விழாவன்று விடியலில் காய்ச்சல் விட்டிருந்தது. உடம்பு சில்லென்று இருந்தது. "பாத்தியா, போயிருச்சு!" என்று வெள்ளை வேட்டி கட்டினார். பாண்டீஸ்வரி அவர் முகத்தையே பார்த்தாள்.

"காய்ச்சல் விட்டபெறகுதான் ஆபத்துன்னு ஆட்டோவுல மைக்கு கட்டிச் சொல்வீகளே? வயிறு வேற வலிக்குதுங்கிறீக."

"அது பொதுமக்களுக்குச் சொல்றது," என்றார் நல்லகண்ணு.

தேனியில் மண்டபம் நிறைந்திருந்தது. பாண்டீஸ்வரி பக்கத்தில் உட்கார, சதாம் பின் வரிசையில் இருந்தான். பல் தேய்க்கும்போது ஈறில் வந்த ரத்தம் இன்னும் நிற்கவில்லை. யாருக்கும் தெரியாமல் கர்ச்சீப்பால் ஒற்றிக்கொண்டார். மைக்கில் அறிவிப்பு வந்தது.

"நோய்த் தடுப்பில் சிறந்த ஊருக்கான கேடயத்தைப் பெற, சுகாதார ஆய்வாளர் திரு..."

நல்லகண்ணு எழுந்துவிட்டார்.

"...சுந்தரலிங்கம் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்."

எழுந்தவர் எழுந்தபடி நின்றார். எல்லாரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் கையைத் தட்டத் தொடங்கினார். ஒருவர் நின்று தட்டுவதைப் பார்த்து வரிசை முழுக்க எழுந்து தட்டியது. மேடையில் சுந்தரலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

அதோடு விடவில்லை. டெங்குவிலிருந்து மிக விரைவாகக் குணமடைந்தவர் என்று பிச்சைமணியையும் மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பிச்சைமணி மைக்கைப் பிடித்துக்கொண்டு கீழே மாமனைப் பார்த்தான். நல்லகண்ணு கையெடுத்துக் கும்பிட்டார்.

"எனக்குக் காய்ச்சல் வந்த மாதிரியே தெரியல," என்றான் பிச்சைமணி. "அம்புட்டு நல்லாப் பாத்துக்கிட்டாக."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அடுத்துப் பேசிய சுந்தரலிங்கம், எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு, "பக்கத்து ஊர்ல இருந்து மெஷின் இரவல் குடுத்த அண்ணனுக்கும்" என்று சேர்த்துக்கொண்டார். பெயர் சொல்லவில்லை. உணர்ச்சிவசத்தில் மறந்துவிட்டார்.

நல்லகண்ணு உட்காரப் போனார். நாற்காலி இருந்த இடத்தில் நாற்காலி இல்லாத மாதிரி இருந்தது. தரை சில்லென்று முதுகில் பட்டது. விரிந்து விழுந்த கர்ச்சீப்பில் இருந்த சிவப்பைப் பார்த்து பாண்டீஸ்வரி போட்ட சத்தத்தில் மேடையே திரும்பியது.

"சதாம், வண்டிய எடுப்பா! பெரியாஸ்பத்திரிக்கு விடு!"

ஜீப்பின் பின் சீட்டில், மனைவி மடியில் தலை வைத்துக் கிடந்தார் நல்லகண்ணு. ஜன்னலில் தேனி பஜார் பின்னோக்கி ஓடியது. உடம்பு வலியைவிட வேறொன்றுதான் வலித்தது. மச்சினன் தோட்டம் போயிற்று. ஜோதிகா இனி அண்ணே என்று கூப்பிடமாட்டாள். உயிர் இருக்குமா என்பதே தெரியவில்லை. ஆனாலும் நாக்கு கேட்டுவிட்டது.

"ஏம்ப்பா சதாம், நம்ம ஊர்ல ஒரு கேஸ்கூட இல்ல. அவரு ஊர்ல ஒண்ணு வந்துச்சு. அப்பறம் எப்பிடி அவருக்குக் குடுத்தாக?"

சதாம் ஹாரனை அழுத்தி முன்னால் போன டிராக்டரை ஒதுக்கினான். அவனுக்குப் பாவமாக இருந்தது. சாருக்கு விருது கிடைக்காத ஏக்கத்தில்தான் மயக்கம் வந்துவிட்டது, விழுந்ததில் பல் பட்டுத்தான் ரத்தம் என்று அவன் நினைத்திருந்தான்.

"அந்த டாக்டரம்மா டிரைவர்கிட்ட நானும் இதைத்தான் கேட்டேன் சார். காய்ச்சலே வராத ஊர்ல என்னத்தத் தடுத்தாகன்னு மார்க் போடுறதுன்னு நம்மள மொதல்லயே ஒதுக்கிட்டாகளாம். அங்கன ஒண்ணு வந்துச்சு, ரெண்டாவது வரவிடாமத் தடுத்துட்டாக, அதுக்குத்தான் கேடயமாம்," என்ற சதாம், ஆறுதலாகத் திரும்பிப் பார்த்துச் சொன்னான்:

"எல்லாம் நேரந்தான் சார். அந்தப் பாழாப்போன காய்ச்சல் செங்குளத்துப்பட்டிக்குப் போகாம நம்ம ஊர்ல யாருக்காச்சும் வந்திருந்தா, இன்னைக்கு அந்தச் சால்வை உங்களுக்குத்தான்."